தன்னம்பிக்கையும் நிலைத்த மகிழ்ச்சியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் இறைவனுக்கே. கணக்கு அறிக்கையும் ஆண்டறிக்கையும் வாசிக்கப்பட்ட பின்னர், கணக்கில் எழுதப்படாத ஒரு செல்வத்தைப் பற்றிச் சிந்திக்க இப்போது கூடியிருக்கிறோம். அச்செல்வத்தின் பெயர் தன்னம்பிக்கை. பசுவந்தனையிலும் அதனைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு ஊர்களிலும் அறிவுள்ள பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் ஒரு கூட்டத்தில் எழுந்து நான்கு வார்த்தை பேசச் சொன்னால் தலை குனிகிறார்கள். பட்டம் பெற்ற இளைஞர், சென்னையில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றால், தம் ஊர்ப் பேச்சு வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, தெரிந்த விடையையும் சொல்லாமல் திரும்புகிறார். தேர்வில் ஒரு பாடம் தவறிய மாணவி, உறவினர் முகத்தில் விழிக்க அஞ்சிப் பல மாதங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள். இவற்றையெல்லாம் சிறு செய்திகள் என்று நாம் தள்ளிவிட முடியாது. ஒரு தலைமுறையின் வாழ்வே இவற்றில் அடங்கியிருக்கிறது.

எது தன்னம்பிக்கை?

தொடக்கத்திலேயே ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். "நம்பிக்கையை இறைவன் மீதல்லவா வைக்க வேண்டும்? தன் மீது வைப்பது பெருமையாகாதா?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். கட்டுவது நம் கடமை. அதன் பின்னரே தவக்குல். இறைவன் தந்த கைகளால் கயிற்றைக் கட்ட முடியும் என்று உணர்வதே தன்னம்பிக்கை. அடுத்தவர் கயிறு கட்டத் தெரியாதவர் என்று எண்ணுவது இறுமாப்பு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் அடக்கம் என்ற பெயரில் அச்சத்தை வளர்த்திருக்கிறோம்.

மற்றொரு மயக்கமும் உண்டு. கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும், நான் சிறந்தவன்" என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டால் தன்னம்பிக்கை வந்துவிடும் என்று சில நூல்கள் கூறுகின்றன. அமெரிக்காவில் உளவியல் அறிஞர் ராய் பாமைஸ்டரும் அவருடைய குழுவினரும் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2003ஆம் ஆண்டில் விரிவான மதிப்பீடு ஒன்றை வெளியிட்டார்கள். தன்னை உயர்வாக எண்ணிக்கொள்வதனால் மட்டும் ஒருவருடைய படிப்போ வேலைத் திறனோ உயர்ந்துவிடுவதில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

அப்படியானால் தன்னம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது? ஆல்பர்ட் பண்டுரா என்னும் அறிஞர் 1977ஆம் ஆண்டில் இதற்கு விடை அளித்தார். நான்கு ஊற்றுகளிலிருந்து அது சுரக்கிறது என்றார் அவர். அந்த நான்கையும் நம் மண்ணின் மனிதர்களைக் கொண்டே விளங்கிக்கொள்வோம்.

முதலாவது: செய்து பழகுதல்

பாம்பைக் கண்டு நடுங்குவோரை பண்டுரா தம் ஆய்வில் சேர்த்துக்கொண்டார். "பயப்படாதே" என்று அறிவுரை கூறுவதோடு அவர் நிற்கவில்லை. முதலில் தூரத்திலிருந்து பார்க்கச் செய்தார். பிறகு அருகில் வரச் செய்தார். பிறகு கையுறையுடன் தொடச் செய்தார். இவ்வாறு படிப்படியாகச் செய்து பார்த்தவர்களின் அச்சம் நீங்கியது. சிறியதொன்றைச் செய்து முடித்தவனுக்கே பெரியதைச் செய்யும் துணிவு வருகிறது.

மானாவாரி விவசாயிகளுக்கு இது புதிய செய்தி அன்று. பருவமழைக்கு முன்னரே கரிசலில் விதைப்பவர்கள் நாம். கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் போன்றவை மானாவாரிப் பயிர்களுக்கான முறைகளை வகுத்துத் தந்துள்ளன. அவற்றுள் ஒன்று விதையைக் கடினப்படுத்துதல். சோள விதையைக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, மீண்டும் நிழலில் பழைய ஈரப்பதத்திற்கு உலர்த்தி விதைப்பார்கள். ஒருமுறை நனைந்து காய்ந்த விதை, பின்னர் வரும் வறட்சியைத் தாங்கி முளைக்கிறது. நம் பிள்ளைகளும் அவ்வாறே. சிறிய சோதனைகளைச் சந்திக்க விடாமல் பொத்திப் பொத்தி வளர்த்தால், வாழ்வின் முதல் வறட்சியிலேயே வாடிவிடுவார்கள்.

இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் இளமைக் கனவு விமானியாவது. டேராடூனில் நடைபெற்ற விமானப் படைத் தேர்வில் 25 பேர் கலந்துகொண்டனர். தேர்வு பெற்றவர்கள் 8 பேர். கலாம் பெற்ற இடமோ ஒன்பதாவது. ஒரே ஓர் இடத்தில் கனவு கலைந்தது. மனம் உடைந்த நிலையில் ரிஷிகேஷ் சென்றவர், அங்கிருந்து திரும்பித் தமக்குக் கிடைத்த தொழில்நுட்பப் பணியை ஏற்றுக்கொண்டார். அதைச் செய்யச் செய்ய அதில் வல்லவரானார். விமானம் ஓட்டும் வாய்ப்பை இழந்தவர், விண்ணுக்குக் கோளைச் செலுத்திய குழுவின் தலைவரானார். 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராகவும் இருந்தார். ஒன்பதாவது இடம் அவருடைய முடிவாகிவிடவில்லை. ஒரு பாடத்தில் தவறிய நம் பிள்ளைக்கும் அதே ஆண்டிலேயே துணைத் தேர்வு இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க வழிகாட்டுவது ஆயிரம் ஆறுதல் சொற்களைவிட மேலானது.

இரண்டாவது: நம்மைப் போன்றவரைக் காணுதல்

உயரத்தில் இருப்பவரைக் கண்டால் வியப்பு வரும். நம்மைப் போன்ற ஒருவர் உயர்வதைக் கண்டால் "நாமும் முயன்றால் என்ன?" என்ற எண்ணம் வரும்.

கோவில்பட்டி வட்டாரம் நெடுங்காலமாக ஹாக்கிக்குப் பெயர் பெற்றது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குச் செல்லும் குடும்பத்துப் பிள்ளைகளும் விவசாயக் கூலிகளின் பிள்ளைகளும் மட்டையைப் பிடித்து ஓடிய ஊர் அது. 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில், கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், கோவில்பட்டி விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் ஆடினார்கள். அதன் பிறகு நம் பகுதிச் சிறுவர்களுக்கு இந்திய அணி என்பது தொலைக்காட்சியில் மட்டும் காணும் பொருளாக இல்லை.

பேச்சு வழக்கைப் பற்றிக் கூச்சப்படும் இளைஞர்களுக்கு இடைசெவல் என்ற ஊரைக் காட்ட விரும்புகிறோம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரில் 1923ஆம் ஆண்டு பிறந்தார் கி. ராஜநாராயணன். உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட நிறைவு செய்யாதவர், நோயினால் வாடியவர், விவசாயி. முப்பது வயதைக் கடந்த பின்னரே கதை எழுதத் தொடங்கினார். எழுத வந்தபோது தம் மக்களின் பேச்சை அவர் மறைக்கவில்லை. அந்தக் கரிசல் பேச்சையே தம் நடையாக்கிக்கொண்டார். அதற்கென ஓர் அகராதியையே தொகுத்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்புப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1991ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது அவரை வந்தடைந்தது. அவருடைய நண்பரும் அதே ஊரில் பிறந்தவருமான கு. அழகிரிசாமிக்கு அவருடைய மறைவுக்குப் பின் 1970இல் அவ்விருது கிடைத்திருந்தது. ஒரே சிற்றூர், இரண்டு விருதுகள்! எந்தப் பேச்சைக் குறை என்று நம் பிள்ளைகள் நாணுகிறார்களோ, அந்தப் பேச்சே அவர்களுக்குப் பெருமை தேடித் தந்தது. ஆங்கிலத்தையும் பொதுத் தமிழையும் நம் பிள்ளைகள் முயன்று கற்கட்டும். ஆனால் தம் ஊரைப் பற்றிய நாணத்தை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது: நம்புவோரின் சொல்

நமக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் துயில்கொள்ளும் உமறுப் புலவரின் வரலாறு வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அரசவைப் புலவராகிய கடிகைமுத்துப் புலவரை, வடநாட்டுப் புலவர் ஒருவர் வாதுக்கு அழைத்தார். ஆசிரியர் கலங்கியிருந்த வேளையில், இளம் மாணவராகிய உமறு அவருக்காக அவையில் நின்று வாதிட்டு வென்றார் என்பர். ஆசிரியர் ஓர் இந்து. மாணவர் ஒரு முஸ்லிம். அவர் கற்பித்த தமிழே மாணவருக்கு அவையில் துணிவாயிற்று.

நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடும் பணியை வள்ளல் சீதக்காதி உமறுப் புலவரிடம் ஒப்படைத்தார். மூலச் செய்திகளை நாடிச் சென்றபோது மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் முதலில் மறுத்துப் பின்னர் இசைந்தார்கள் என்பது மரபு வழிச் செய்தி. காப்பியம் முடியுமுன்னரே சீதக்காதி மறைந்தார். அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவுக் கரம் நீட்டினார். மறுப்பையும் இழப்பையும் கடந்து வந்ததே 5027 பாடல்களைக் கொண்ட சீறாப்புராணம். புலவருடைய உறுதி ஒருபுறம். "உம்மால் முடியும்" என்று பொருளும் சொல்லும் தந்து நின்றோர் மறுபுறம். இரண்டும் சேர்ந்ததனால்தான் அக்காப்பியம் நமக்குக் கிடைத்தது.

1979 ஆகஸ்ட் 10 அன்று கலாம் தலைமையில் ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் வங்கக் கடலில் விழுந்தது. செய்தியாளர்களை எதிர்கொண்டு பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் விண்வெளி ஆய்வு மையத்தின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று முயற்சி வெற்றி பெற்றபோது, செய்தியாளர் முன் கலாமைப் பேசச் சொல்லித் தாம் ஒதுங்கிக்கொண்டார். தோல்வியைத் தாம் ஏற்று, வெற்றியைப் பிள்ளைக்குத் தரும் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வீடு இருந்தால் எப்படியிருக்கும்!

பாராட்டும்போதும் கவனம் வேண்டும். கரோல் டுவெக் என்னும் அறிஞரும் அவருடைய சக ஆய்வாளரும் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட சிறுவர்கள், அப்பெயர் போய்விடுமோ என்று எளிய கணக்குகளையே பின்னர் விரும்பினார்கள். "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமான கணக்குகளையும் துணிந்து எடுத்தார்கள். ஆகவே முயற்சியைப் பாராட்டுவோம்.

நான்காவது: உடலின் நிலை

நெஞ்சு படபடத்தால் "நமக்கு இது வராது" என்று மனம் தானாக முடிவு செய்துவிடுகிறது. மேடை ஏறும் அனைவருக்கும் படபடப்பு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தேர்வுக் காலத்தில் போதிய உறக்கம், நேரத்துக்கு உணவு, நிதானமான மூச்சு, சிறிது விளையாட்டு ஆகியவை தேவை. இவை கிடைத்தாலே பாதி அச்சம் அகலும். பல வாரங்களாக உறக்கமின்றி, உணவின்றி, எவரிடமும் பேசாமல் ஒரு பிள்ளை ஒடுங்கியிருந்தால் அதைப் பிடிவாதம் என்று திட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை. அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

மகிழ்ச்சி எப்போது நிலைக்கிறது?

புது வீடு, உயர்ந்த சம்பளம், வெளிநாட்டு வேலை ஆகியவை மகிழ்ச்சி தருவன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த தெருவில் அதைவிடப் பெரிய வீடு எழும்பும் நாள் வரைக்கும்தான் அது நீடிக்கிறது. ஒப்பீட்டில் பிறந்த மகிழ்ச்சி ஒப்பீட்டிலேயே மறைகிறது. தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் பொதுத் தேர்வுகளில் முதலிடம் பெற்றோரின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. நம் திண்ணைகளிலோ அந்த வழக்கம் இன்னும் கைவிடப்படவில்லை! "அவன் எவ்வளவு மதிப்பெண், நீ எவ்வளவு?" என்ற ஒரு கேள்வி, ஓராண்டு உழைப்பில் விளைந்த தன்னம்பிக்கையை ஒரு நொடியில் அழித்துவிடும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு, பல நூறு மனிதர்களின் வாழ்வை 80 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்து வந்துள்ளது. முதுமையில் நலமாகவும் மகிழ்வாகவும் இருந்தவர்கள் பெரும்பாலும் நல்ல உறவுகளைப் பேணியவர்களே என்று அது காட்டுகிறது. தன்னால் இயன்றதைச் செய்கிறோம் என்ற நிறைவும், தவறினாலும் தாங்கிக்கொள்ள நம்மவர் இருக்கிறார்கள் என்ற உறுதியும் சேரும் இடத்திலேயே மகிழ்ச்சி நிலைக்கிறது. முதலாவதை ஒவ்வொருவரும் தேடிக்கொள்ள வேண்டும். இரண்டாவதைத் தருவது குடும்பத்தின் கடமை, ஜமாஅத்தின் கடமை.

நாம் செய்ய வேண்டியவை

எனவே சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஜமாஅத் கூட்டங்களில் வரவேற்புரையையும் நன்றியுரையையும் முறை வைத்து மாணவ மாணவியரிடம் ஒப்படைப்போம். தடுமாறினாலும் முடிக்கும் வரை பொறுமையுடன் கேட்போம். மேல்வகுப்பு மாணவர்கள் கீழ்வகுப்பினருக்கு மாலையில் பாடம் சொல்லித் தர ஏற்பாடு செய்வோம். கற்பிப்பவரின் நம்பிக்கையும் அதனால் வளரும். கணவர் வெளிநாட்டில் இருக்கும் தாய்மார்கள், வங்கிப் படிவத்தையும் அலுவலக மனுவையும் தாமே நிரப்பப் பழகட்டும். தெரிந்தவர்கள் அருகிருந்து கற்றுத் தரட்டும். தேர்வு முடிவு வரும் நாளில், வென்ற பிள்ளையின் வீட்டுக்கு இனிப்புடன் செல்லும் நாம், தவறிய பிள்ளையின் வீட்டுக்கு முதலில் செல்வோம். கையில் துணைத் தேர்வுக்கான விவரத்துடன் செல்வோம். வெளிநாட்டு வேலை இழந்து திரும்பும் சகோதரரிடம் "எவ்வளவு கொண்டு வந்தாய்?" என்று கேளாமல், "என்ன தொழில் கற்று வந்தாய்?" என்று கேட்போம்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு ஏதும் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆண்டறிக்கையை வாசிக்க ஒரு மாணவியோ மாணவரோ அச்சமின்றி முன்வந்தால், இவ்வாண்டின் பெரிய வரவு அதுவே என்று கணக்கில் எழுதலாம். இன்ஷா அல்லாஹ், அந்நாளைக் காண்போம்.