பேச வைப்பது பயிற்சி அறையா, வீடா? - வீடே!



எதிரணித் தோழர் கேட்டார்: "பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் அதற்கென்றே படித்தவர். அம்மா என்ன படித்தார்?" ஐயா, உங்களுக்கு 'அம்மா' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தவர் என்ன படித்திருந்தார்? (கைதட்டல்)

பயிற்சிக்குப் போகிற குழந்தை அங்கே என்னதான் செய்கிறது? "முக்கால் மணி நேரம் அட்டையை வச்சு விளையாடுதுங்க, இதுக்கா பீஸு?" என்று கேட்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். அந்த விளையாட்டைக் கூடவே உட்கார்ந்து பார்த்தவள் நான். பக்கத்து வீட்டு நெசவாளர் மகள், நாலு வயசு. துணைக்குப் போயிருந்தேன்.

அந்தப் பிள்ளைக்குக் 'க' வராது. அந்த இடத்தில் 'த'தான் வரும். ஓட்டு மேலே காக்கா உட்கார்ந்தால், "தாத்தா! தாத்தா!" என்று கத்தும். திண்ணையில் இருக்கிற தாத்தாவுக்கு ஒரே பெருமை, பேத்தி நம்மைத்தான் கூப்பிடுதுன்னு! (சிரிப்பு)

பயிற்சி கொடுத்த அம்மா முதலில் கேட்டது, "காது பரிசோதனை பண்ணியாச்சா?" என்பதுதான். காதில் விழாத ஓசை வாயில் எப்படி வரும்? காதில் குறையில்லை என்று தெரிந்த பிறகு இரண்டு அட்டைகளை எடுத்தார். ஒன்றில் காக்கா, ஒன்றில் தாத்தா. கேட்டு வாங்கணும். பிள்ளைக்குக் காக்கா வேணும். வாயில் வந்தது "தாத்தா". அந்த அம்மா தாத்தா படத்தையே கொடுத்துவிட்டார்! பிள்ளை முழிக்குது. "தப்பு" என்று ஒரு வார்த்தை இல்லை, அதட்டல் இல்லை. ஓசை மாறினால் பொருள் மாறும் என்பது அதற்கே புரிந்துவிட்டது.

அப்புறம் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, 'க' சொல்லும்போது நாக்கின் அடி மேலண்ணத்தில் போய் ஒட்டுவதைக் காட்டினார். தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலே வைத்து, எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொன்னாரே, அதைத்தான் அந்த அம்மா கண்ணாடியில் காட்டினார்! (கைதட்டல்)

அடுத்த அறையில் காதுக்கருவி மாட்டிய ஒரு சின்னப் பையன். பின்னாலிருந்து 'ம்' என்கிறார்கள், 'ஸ்' என்கிறார்கள். ஓசை கேட்டால் டப்பாவில் ஒரு மணியைப் போடணும். அவன் போடுகிற ஒவ்வொரு மணியும், "எனக்குக் கேட்டுது" என்று அவன் சொல்கிற சாட்சி.

"எல்லாம் அறையில்தானே நடந்தது, தீர்ப்பு எங்களுக்கே" என்று எதிரணியில் சிரிக்கிறார்கள். நடுவர் அவர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், முக்கால் முக்கால் மணி. ஆக ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம். மீதி 166½ மணி நேரமும் பிள்ளை யார் கையில்?

சென்னையில் பால வித்யாலயா என்று, காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக 1969-இல் தொடங்கிய பள்ளி இருக்கிறது. அங்கே பிள்ளையோடு அம்மாவும் வகுப்பில் உட்காரணும். ஏன்? அங்கே படித்ததை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவர் அவர்தானே!

பட்டு நெய்கிற உங்களுக்குக் கோர்வையைப் பற்றி நான் சொல்லணுமா? ஒருவர் உடல் நெய்ய, இன்னொருவர் கரைக்கு நாடா கொடுக்க, இரண்டும் கோத்தால்தான் சேலை. கரை பயிற்சி அறை, உடல் வீடு. கரை இல்லாமல் காஞ்சிப் பட்டு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேலையில் உடல் எவ்வளவு, கரை எவ்வளவு? (கைதட்டல்)

அந்த நெசவாளர் என்ன செய்தார் தெரியுமா? தினம் அரை மணி நேரம் தறியை நிறுத்தினார். கூலிக்கு நெய்கிறவருக்கு அரை மணி என்பது காசு. ஆனால் தறிச் சத்தத்தில் பிள்ளைக்குக் 'க'வும் 'த'வும் பிரித்துக் கேட்காதே! தாத்தா பேத்தியைத் திரைலோக்கியநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். இருகப்பர் 1387-இல் கட்டிய சங்கீத மண்டபம், அண்ணாந்து பார்த்தால் கூரையெல்லாம் ஓவியம். "இது என்னம்மா? கண். இது? கை. தீர்த்தங்கரர் தலைக்கு மேலே? குடை." அத்தனையும் 'க'! காசு கொடுத்தாலும் இப்படிப் பட அட்டை கிடைக்குமா?

மூணாம் மாசம் ஓட்டு மேலே பார்த்து, "காக்கா!" என்றது பிள்ளை. வீடே கொண்டாடியது. தாத்தாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், கூப்பிடுறது குறைஞ்சுபோச்சே! (பலத்த சிரிப்பு)

தாய்மார்களே, நாக்கில் வசம்பு தேய்க்காதீர்கள். அதுக்குப் பேரே 'பேர் சொல்லாதது'. அதைத் தேய்த்தால் பிள்ளை மட்டும் பேர் சொல்லுமா? (சிரிப்பு) "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்காதீர்கள். இரண்டு வயசில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா, காதைப் பரிசோதியுங்கள். அரசு மருத்துவமனையில் கேளுங்கள், வழி சொல்வார்கள். விருந்தாளி முன்னால் நிறுத்தி, "சொல்லு, சொல்லு" என்று பிடுங்காதீர்கள். கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள்; பிள்ளைக்குப் பதில் சொல்ல நேரம் கொடுங்கள். செல்போனைக் கீழே வையுங்கள். டி.வி.யையும் நிறுத்துங்கள், எங்கள் பட்டிமன்றம் முடிந்த பிறகு! (சிரிப்பு)

வழி காட்டுவது பயிற்சி அறை. அந்த வழியில் தினமும் பிள்ளையின் கையைப் பிடித்து நடப்பது வீடு. ஆகவே பேச வைப்பது வீடே, வீடே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். (கைதட்டல்)