நீர்க் கணக்கு



உலர்ந்த திராட்சையை நீரிலிட்டால் அது உப்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். செறிவு மிகுந்த பக்கத்தை நாடி நீர் சவ்வின் வழியே செல்லுகின்றது. இதனைச் சவ்வூடு பரவல் என்பர். பல்லாண்டுகள் கரும்பலகையில் எழுதிய இப்பாடத்தை நான் முழுமையாகக் கற்றது, ஓய்வுபெற்ற பின்னர், என் தம்பியின் படுக்கையருகேதான்.

அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. மருத்துவர் அவன் வயிற்றறைக்குள் மெல்லிய குழாயொன்றைப் பொருத்தினார். அதன் வழியே குளுக்கோசு கலந்த நீர்மத்தை உள்ளே விட்டுச் சில மணி நேரம் வைத்திருப்பர். குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வைக் கடந்து, குருதியிலுள்ள கழிவும் மிகை நீரும் அதிற் கலக்கும். பின்னர் அதனை வடித்துவிடுவர். ஜெர்மானிய மருத்துவர் கான்டர் 1923ஆம் ஆண்டிலேயே இம்முறையை மனிதரிடம் முயன்று பார்த்தார்.

தொடக்க நாட்களில் விழிப்பு மிகவும் வேண்டும். குழாய் பொருத்திய புண் ஆறுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருப்பது வழக்கம். காத்திருக்க இயலாவிடின், நோயாளியைப் படுக்கவைத்துச் சிறிதளவே நீர்மம் விடுவர். நின்றாலும் இருமினாலும் வயிற்றினுள் அழுத்தம் மிகும். குழாயைச் சுற்றி நீர் கசியக்கூடும். கசிந்தால், சில நாள் நிறுத்திப் புண்ணை ஆறவிடுவர்.

தம்பி பொறுமையாகக் காத்திருந்தான், கசிவு ஏற்படவில்லை. ஆனால், சிகிச்சை தொடங்கிய நான்காம் நாள் 2 லிட்டர் உள்ளே சென்றது. 1,200 மில்லி லிட்டரே வெளிவந்தது. மறுநாளும் அவ்வாறே. கால்கள் வீங்கின, எடை கூடிற்று. குழாய் பழுதாயிற்று, மீண்டும் கத்தி வைப்பார்களோ என்று நான் கலங்கினேன்.

செவிலியர் ஒரு வினாவே கேட்டார்: "மலங்கழித்து எத்தனை நாளாயிற்று, ஐயா?"

தம்பி தலைகுனிந்தான். ஐந்து நாள்! நாணத்தால் என்னிடமும் அவன் அதனைச் சொல்லவில்லை. நிறைந்த குடல் குழாயை நெருக்கி, நீர் வடிவதைத் தடுத்திருந்தது. மருத்துவர் தந்த மலமிளக்கியால் மறுநாளே தடை நீங்கியது.

அன்று முதல் ஒரு குறிப்பேடு வைத்தோம். உள்ளே விட்ட அளவு, வெளிவந்த அளவு, காலை எடை, நீரின் தெளிவு ஆகிய நான்கையும் நாள்தோறும் எழுதினோம். வடிந்த நீர் கலங்கியிருந்தால் அது தொற்றின் அறிகுறியாகலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செல்வங்களே! கணக்கிற் பிழை நேர்ந்தால் திருத்தலாம்; மறைத்த கணக்கை எவர் திருத்துவார்? மருத்துவரிடம் உடலின் உண்மையைச் சொல்ல நாணாதீர்கள்.