தவிட்டில் இருக்கிறது உயிர்



சிலிம் ரிவர் வட்டாரத்து ரப்பர் தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. விடியற்காலையில் பால்மரம் வெட்டக் கிளம்பும் முன்பே வீட்டுப் பெண்கள் கூண்டைத் திறந்து, கோழிக்குத் தவிட்டைப் பிசைந்து வைப்பார்கள். மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் போகும். அரிசி மனிதருக்கு, தவிடு வாயில்லா ஜீவனுக்கு என்பது எழுதாத சட்டம். இந்தப் பங்கீட்டில் நல்ல பங்கு யாருக்குக் கிடைத்தது? கோழிக்குத்தான் என்கிறது விஞ்ஞானம்!

இந்த உண்மையை உலகுக்குச் சொன்னதும் ஒரு கோழிதான். இன்று ஜகார்த்தா என்று அழைக்கப்படும் பத்தாவியாவில், 1890-ஆம் ஆண்டை ஒட்டி, கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளின் கால்கள் துவண்டன. நடக்க முடியாமல் விழுந்தன. சில மாதங்களில் அவை தாமாகவே தேறின. காரணம் என்ன? இராணுவ மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோறுதான் அதுவரை கோழிகளுக்குத் தீனியாக இருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்ததால், கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறின, பிழைத்துக்கொண்டன. எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் காலத்தில் மலாயாவிலும் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்ட ஈயச் சுரங்கத் தொழிலாளர்களே பெரும்பாலும் மாண்டார்கள். அதே மண்ணில் உழைத்த தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து 1907-இல் நூலாகவே எழுதினார். ஆனால், கெட்டுப்போன அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் நினைத்தார். கவனித்தது சரி, காரணம்தான் தவறிவிட்டது.

1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே அந்நோய் இருந்தது. அவர்களும் வரும்போதே அதனுடன் வந்தவர்கள். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் கோழிகளை வைத்து ஆராய்ந்தார்கள். வெள்ளை அரிசி தின்ற கோழி துவண்டது. அதனுடன் தவிட்டைச் சேர்த்தபோது துவளவில்லை.

அந்தத் தவிட்டில் இருந்ததுதான் தயமின் என்னும் விட்டமின் பி-1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அதனால்தான் பிறகு தீட்டினாலும் புழுங்கல் அரிசியில் அது தங்குகிறது.

நேயர்களே, இது பழங்கதை அல்ல. இன்று வீட்டுக் கொல்லையில் நாலு கோழி வளர்ப்பவர்கள் பலர் மிஞ்சிய வெள்ளைச் சோற்றையே கொட்டுகிறார்கள். மேய இடமிருந்தால் புல், பூச்சி, புழு என்று கோழி தேடித் தின்று குறையைச் சரிசெய்துகொள்ளும். கூண்டிலேயே அடைத்து வைத்தால் எங்கே போகும்? பி-1 குறைந்தால் தலை பின்னுக்கு வளைந்து வானத்தைப் பார்க்கும். பி-2 குறைந்த குஞ்சின் கால்விரல் உள்நோக்கி மடங்கும். ஏ குறைந்தால் கண் வீங்கும். வெயிலே படாத குஞ்சுக்குத் தீனியில் டி இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும்.

ஆடு மாடுகளின் கதை வேறு. அவற்றின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே பி வகை விட்டமின்களைத் தயாரித்துக் கொடுக்கின்றன. ஆனால் தீபாவளிக்குக் கொழுக்க வேண்டுமென்று ஆட்டுக்குத் திடீரென அரிசியையும் சோளத்தையும் அள்ளிப்போட்டால் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் நிலைகுலைகிறது. பி-1 அழிந்து, ஆடு பார்வை இழந்து தடுமாறி விழலாம். தழையைக் குறைக்காமல், தானியத்தை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதே பாதுகாப்பு. கன்றுக்கும் குட்டிக்கும் முதல் விட்டமின் ஏ சீம்பாலில்தான் கிடைக்கிறது. அதை முழுவதும் கறந்து காய்ச்சிவிடுவது குட்டியின் வயிற்றில் அடிப்பதாகும்.

கடைத் தீவனத்தில் விட்டமின்கள் அளவாகக் கலந்தே வருகின்றன. ஆனால் மூட்டையைத் தகரக் கொட்டகையின் வெக்கையில் மாதக்கணக்கில் வைத்தால் அவை அழிந்துவிடும். தவிடும் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். பூசணம் பிடித்ததை எறிந்துவிடுங்கள். 'சத்துதானே' என்று விட்டமின் மருந்தை அளவின்றி ஊற்றவும் கூடாது. ஏ-யும் டி-யும் உடம்பில் தேங்கி நஞ்சாகும்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கழுத்து திருகிய கோழி எல்லாமே விட்டமின் குறைந்த கோழி அல்ல. வெள்ளைக்கழிச்சல் என்னும் நியூகாசல் நோயிலும் கழுத்து திருகும். அது தொற்றுநோய். பல கோழிகள் ஒரே நேரத்தில் விழுந்தால் சத்து மருந்தைத் தேடி நேரத்தைக் கடத்தாமல், அவற்றைத் தனியே பிரித்து, கால்நடைத் துறை அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஒருநாள் தாமதம் பக்கத்து வீட்டுக் கோழிகளையும் கொண்டுபோய்விடும்.

தோட்டத்துப் பாட்டிமார்களுக்கு விட்டமின் என்ற சொல் தெரியாது. ஆனால் உலையில் புழுங்கல் அரிசியும், கோழித் தொட்டியில் தவிடும், ஆட்டுக்குப் பச்சைத் தழையும் தவறாமல் போட்டார்கள். லயங்கள் மறையலாம், அந்தப் பழக்கம் மறையவேண்டிய அவசியம் இல்லை. கூண்டுக்குள் இருக்கும் ஜீவன் தானே எழுந்துபோய்த் தேடித் தின்ன முடியாது. அதன் தொட்டியில் என்ன விழுகிறது என்பது வளர்ப்பவர் கையில்தான் இருக்கிறது.