பாலைவழியில் ஒரு கை நீர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பாலை என்பது எங்களுக்குப் பாடப்புத்தகத்துச் சொல்லாகவே இருந்தது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் வளங்குன்றித் திரிந்த நிலமே பாலை என்று பரீட்சையில் எழுதிப் புள்ளிகளும் பெற்றோம். அச்சொல்லின் பொருளை உடம்பால் அறிந்தது, பல்கலைக்கழக விடுமுறையில் நண்பர் இருவராக, சென்ற வைகாசியில் இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்தில், வழியில் வரும் லொறிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறிச் சென்றபோதுதான். அங்கே கண்ட காட்சிகளைக் காட்டிலும், அங்கே நாங்கள் செய்த ஒரு பிழையையே இன்று சொல்ல விரும்புகின்றோம்.

இராஜஸ்தான் 3,42,239 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. நமது இலங்கையைப் போல் ஐந்து மடங்கு. அதன் மேற்குப் பகுதி தார்ப் பாலைவனம். அங்குள்ள பலோதி என்னும் ஊரில் 2016ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி வெப்பம் 51 பாகை செல்சியசை எட்டியது. கோடையில் வீசும் அனற்காற்றை 'லூ' என்பர். ஜோத்பூரிலிருந்து பொக்ரான் வழியாக ஜெய்சால்மர் ஏறக்குறைய 280 கிலோமீற்றர். புகையிரதமும் பஸ்சும் உண்டு. எனினும் பணம் சுருங்கியமையாலும், இளமையின் வீம்பாலும் தெருவோரத்தில் நின்று கைகாட்டினோம். லொறிக்காரருட் சிலர் சிறு கூலி கேட்பர். சிலர் கதை கேட்பதோடு திருப்தியடைவர்.

முதல் லொறி தேச்சு என்னும் ஊருக்கு அப்பால் எங்களை இறக்கிவிட்டுக் கிளைவழியிற் சென்றது. கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் முட்புதரும். நிழல் தந்தது ஒரே ஒரு மரம். 'கேஜ்ரி' என அவர்கள் அழைக்கும் அம்மரம் வேறெதுவுமன்று. நம் சிவாலயங்கள் பலவற்றில் தலவிருட்சமாய் நிற்கும் வன்னியே. 1730ஆம் ஆண்டில் ஜோத்பூருக்கு அண்மையிலுள்ள கேஜர்லி கிராமத்தில், இம்மரங்களை அரசனின் ஆட்கள் வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி என்னும் பெண்ணும் அவரைப் பின்பற்றிய பிஷ்ணோய் மக்களுமாக 363 பேர் மரங்களைக் கட்டித் தழுவி உயிர்நீத்தனர்.

அந்த வன்னி நிழலில் இரண்டு மணி நேரம் இருந்தோம். வண்டிகள் நிற்காமற் பறந்தன. எங்களிடம் எஞ்சியது அரைப் போத்தல் நீர். அப்போது செந்தலைப்பாகை அணிந்த முதிய ஆட்டிடையர் ஒருவர் வந்து, "பானி?" என்று கேட்டார். நீர் கேட்கிறார் என்பது எங்களுக்கு விளங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பின்னர் கையை விரித்து, இல்லையென்று தலையசைத்தோம். போத்தல் பைக்குள் இருந்தது.

பெரியவர் கோபிக்கவில்லை. எங்களருகே அதே நிழலில் அமர்ந்தார். சற்று நேரத்தில் தொலைவில் ஒரு லொறி தெரிந்தது. அவர் எழுந்து தெரு நடுவே சென்று கைக்கோலை உயர்த்தினார். லொறி நின்றது. சாரதியிடம் எங்களைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்லி ஏற்றிவிட்டு, ஆடுகளை நோக்கி நடந்தார். அந்தப் போத்தலை அவர் கையிற் கொடுக்கக் கூட எங்களுக்குத் துணிவு வரவில்லை; கொடுத்தால் எங்கள் பொய் வெளிப்பட்டுவிடும்.

பொக்ரானை அணுகுகையில் சாரதி ஒரு தண்ணீர்ப் பந்தலருகே வண்டியை நிறுத்தினார். 'பியாவு' என்பது அதன் பெயர். ஓலைக் கூரையின் கீழ் ஈரத்துணி சுற்றிய மட்பானைகள். அங்கிருந்தவர் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை; குவித்த கைகளில் நீரை வார்த்தார். அங்கே நீர் எளிதிற் கிடைப்பதன்று. பெய்யும் சிறு மழையை 'டாங்கா' என்னும் நிலக்கீழ்த் தொட்டிகளிற் சேர்த்துத் துளியெண்ணி வாழ்ந்த மக்கள் அவர்கள். நாங்கள் வயிறார அருந்தினோம். பைக்குள் இருந்த அரைப் போத்தலோ சூடேறிக் கிடந்தது; ஜெய்சால்மர் வரையில் அதைத் தொட எங்களால் முடியவில்லை.

சபையோர்களே! திருநாவுக்கரசர் பெயரால் திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் அமைத்த அப்பூதியடிகளைப் பற்றி இதே மேடையிற் பேசிப் பாராட்டுப் பெற்றவர்கள் நாங்கள். மிஷன் கல்லூரியிற் படித்தமையால், கிணற்றடியில் இயேசுநாதர் சமாரியப் பெண்ணிடம் நீர் கேட்ட வரலாற்றையும் மனனம் செய்தவர்கள். இரண்டும் நாவில் இருந்தன. கேட்ட கை முன்னே நீண்டபோது ஒன்றும் கைக்கு வரவில்லை. எழுதப்படிக்கத் தெரிந்தவரோ என்றுகூட நாம் அறியாத அந்த இடையரோ, மறுத்தவர்க்கே வண்டி மறித்து உதவினார். சமயம் எவரிடம் இருந்தது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

எனவே இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். திருவிழாக் காலத்தில் வீதியிலே தண்ணீர்ப் பந்தல் அமைக்கின்றோம், அது நன்று. ஆயினும் திருவிழா முடிந்த பின்னும் வெயில் முடிவதில்லை. சித்திரை வைகாசியில், பஸ் நிலையத்தருகே இரண்டு பானைகளை வைத்து, நாளுக்கு இருவராக முறைவைத்து நிரப்புவோம். முதல் வாரத்து முறையை எங்களுக்கே தாருங்கள். அந்தப் பெரியவருக்குக் கொடாத நீரை வேறு யாருக்கேனும் கொடுப்பதன்றி, அக்கடனைத் தீர்க்க எங்களுக்கு வேறு வழியில்லை.