கடதாசி வந்த அன்றே சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பென்ஷன் வயது வந்து பெயர் வெட்டப்பட்டவர்களிடமும், கணவனை இழந்த தாய்மாரிடமும் லயன் காம்பராவைக் காலி செய்யச் சொல்கிறார்கள். கோர்ட் ஓடர் இருக்கிறது என்ற ஒரு சொல்லிலேயே நம் சனங்கள் பெட்டி கட்டிவிடுகிறார்கள். ஆகவே கட்டளை இருந்தால் நிர்வாகம் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்பதை நாம் தெரிந்துகொள்வோம்.

முதலில் ஒன்று. வேலை முடிந்துவிட்டது என்பதற்காக எந்தத் துரையும் தானாக நம்மை வெளியே போட முடியாது. தோட்டக் குடியிருப்புகள் பற்றிய 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். கூரைத் தகரத்தைக் கழற்றுவது, தண்ணீரை நிறுத்துவது, பூட்டுப் போடுவது எதுவும் கட்டளைக்கு ஈடாகாது.

கட்டளை பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்குவது. மற்றது, அரச காணிகளை மீளப் பெறும் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். தோட்டக் காணி அரசின் காணி என்று சொல்லி நிர்வாகங்கள் இந்த வழியில்தான் அதிகம் வருகின்றன.

இதில் முதலில் வெளியேறும்படி அறிவித்தல் வரும். அதற்குக் குறைந்தது 30 நாள் தவணை. போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வரும். அங்கே நீதவான் கேட்பது ஒன்றுதான்: இந்த இடத்தில் இருக்கச் சட்டப்படி கிடைத்த, இன்றும் செல்லுபடியான எழுத்து மூல அனுமதி உண்டா? எத்தனை தலைமுறை உழைத்தோம் என்பது அங்கே எடுபடாது. வெளியேற்றக் கட்டளைக்கு எதிராக அப்பீல் இல்லை. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனுப் போடலாம். அறிவித்தலையே எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம். அதனால்தான் அந்த 30 நாளும் நமக்குப் பொன்னான நாட்கள்.

கட்டளை கிடைத்தாலும் அதை நிறைவேற்றுவது துரையோ, கணக்கப்பிள்ளையோ, வாச்சரோ அல்ல, நீதிமன்றத்தின் பிஸ்கால்தான். அவர் வந்தால் கட்டளையைக் காட்டச் சொல்லுங்கள். வழக்கு இலக்கம், பெயர், காம்பரா இலக்கம் சரியா என்று பாருங்கள். கைகலப்பு வேண்டாம். மறித்தால் நிர்வாகம் நீதிமன்றத்தில் முறையிடும், தண்டனை நமக்குத்தான். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பில் சேராத ஒருவர், தன் சொந்த உரிமையில் இருந்தவர், வெளியேற்றப்பட்டால் 15 நாளுக்குள் அதே நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

தலைவர்மாரே, உங்கள் தோட்டத்தில் யாருக்காவது கடதாசி வந்தால் அன்றே வாங்கிப் பாருங்கள். சிங்களத்திலோ இங்கிலீசிலோ இருந்தால் விளங்காமல் கையெழுத்து வைக்க விடாதீர்கள். வந்த திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, ஈ.பி.எப். பத்திரம், நிர்வாகம் தந்த கடிதம், எல்லாவற்றையும் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக வழக்குப் பேசும்.

காம்பராவுக்கு உறுதி இல்லாதவரை இந்தப் பயம் தீராது. வீட்டுக்கும் காணிக்கும் உறுதி கேட்பதை நாம் விடப்போவதில்லை. அதுவரை ஒரு குடும்பமும் தனியாக நீதிமன்றப் படி ஏறக்கூடாது. நாம் கூடப் போவோம்.