நோவுக்கும் தாய்மொழி உண்டு



மொழி என்றால் பாட்டு, மொழி என்றால் மேடை, மொழி என்றால் கல்வெட்டு என்று எண்ணியே பழகிவிட்டது தமிழினம். நோவுக்கும் மொழி உண்டு என்பதை அது மறந்தது. உடலுக்குள் நிகழ்வதை மற்றவர்க்கு உணர்த்த மாந்தனுக்குச் சொல்லை விட்டால் வேறு கருவி ஏது? குருதியிலுள்ள உப்பை அளக்கப் பொறி உண்டு. அரிப்பை அளக்கப் பொறி இல்லை. அதை நோயுற்றவர் வாய்தான் சொல்ல வேண்டும். அந்த வாயோ தன் தாய்மொழியில்தான் உண்மை பேசும்.

சிறுநீரக நோயை எடுத்துக்கொள்க. அது ஓசையின்றி வளர்வது. நீரிழிவாலும் குருதிக் கொதிப்பாலும் சிறுநீரகம் சிறிது சிறிதாகக் கெட்டு, பெரும்பகுதி அழிந்த பின்னரே பலர்க்கு அறிகுறி தோன்றும். கழிவு குருதியில் தங்கினால் குமட்டும், அரிக்கும், சோறு இறங்காது. நீர் தேங்கினால் கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். டயாலிசிசு எனப்படும் குருதித் தூய்மிப்புக்காகக் கிழமைக்கு மூன்று முறை, முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் பொறியோடு பிணைக்கப்படும் நோயர், இத்தொல்லைகளைத் தலையெழுத்து என்று பொறுத்துக்கொள்வர், கேட்டாலொழியச் சொல்லார்.

கேட்பதற்காகவே மருத்துவ உலகம் வினாத்தாள்களை ஆக்கியது. அமெரிக்காவில் உருவான ஒன்று 36 வினாக்களைக் கொண்டது. 2004-இல் அங்கேயே வெளிவந்த மற்றொன்று 30 அறிகுறிகளை வரிசையிட்டு, கடந்த ஏழு நாளில் இது இருந்ததா, இருந்தால் எவ்வளவு வருத்தியது என்று கேட்கிறது. விடை வீண்போவதன்று. கால் இழுத்தது என்றால் நீரை எடுக்கும் அளவையும் விரைவையும் மருத்துவர் திருத்துவர். மூச்சு முட்டியது என்றால் நீர் மிகுந்துள்ளதா என்று பார்ப்பர்.

ஆங்கிலத்தில் பிறந்த இத்தகைய தாள்களை எசுப்பானிய மொழி பேசும் நோயர்க்கு ஆக்கும்போது அறிஞர்கள் வெறுமனே அகரமுதலியைப் புரட்டி அமைவதில்லை. இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவர். மூலத்தைக் காணாத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலத்திற்குத் திருப்புவர். பொருள் பிறழ்ந்த இடம் அங்கே வெளிப்படும். பின்னர் நோயரையே அமர்த்தி, "இவ்வினாவால் உங்களுக்கு என்ன விளங்கிற்று?" என்று கேட்பர்.

இத்துணை விழிப்பு எதற்கு? 1980-இல் அமெரிக்கப் புளோரிடாவில் 18 அகவை இளைஞர் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வீட்டார் 'இந்தோக்சிகாதோ' என்றனர். உண்டது ஒவ்வாமல் நலங்கெட்டார் என்பது அவர்கள் கருத்து. மருத்துவர் காதில் அது, நஞ்சும் மயக்கப்பொருளும் மிகையாக உட்கொண்டார் என்னும் ஆங்கிலச் சொல்லாக விழுந்தது. உண்மையில் அவருக்கு மூளைக்குள் குருதி கசிந்துகொண்டிருந்தது. அது காலத்தில் கண்டறியப்படாமற் போக, இளைஞரின் கைகால் நான்கும் செயலிழந்தன. ஒரு சொல் தவறியது. ஒரு வாழ்வு முடங்கியது!

இனி நம் நீலமலைக்கு வருவோம். மேற்சொன்ன 36 வினாத்தாளில் ஒரு வினா: மேசையை நகர்த்துதல், தூசுறிஞ்சிப் பொறியைத் தள்ளுதல், பந்துருட்டு, கோல்ப் ஆட்டம் இவற்றைச் செய்ய உங்கள் உடல்நிலை தடையாக உள்ளதா? குன்னூர்ச் சரிவில் கொழுந்து பறிக்கும் தாயிடம் இதை எழுத்துக்கு எழுத்துத் தமிழாக்கிக் கேட்டால் என்ன விடை வரும்? உதகையில் கோல்ப் திடல் உண்டு. அவர் அதில் ஆடியதில்லை. 'தடையில்லை' என்பார், தாளும் 'நலம்' என்று பதிந்துகொள்ளும். கேட்க வேண்டியது வேறு. கொழுந்து மூட்டையை எடை போடும் இடம்வரை சுமக்க முடிகிறதா? லயத்து வீட்டிற்கு ஏறும்போது எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள்? ஏறத்தாழ 2,240 மீட்டர் உயர்ந்த உதகையில் மூச்சிரைப்பை 'ஏற்றம் அப்படி' என்று நோயரும் தள்ளிவிடுவர், கேட்பவரும் தள்ளிவிடுவர். ஆகவே, "போன ஆண்டு நிற்காமல் ஏறிய ஏற்றத்தில் இப்போது நிற்கிறீர்களா?" என்று கேட்பதே அறிவுடைமை.

அதே தாளில், கழுவி வடித்ததுபோல் உணர்கிறீர்களா என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வழக்கும் உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நோயர் திகைப்பார். தமிழில் அதற்கு 'அசதி' உண்டு, 'ஓய்ந்துபோதல்' உண்டு. மற்ற அறிகுறிகளுக்கும் சொற்பஞ்சம் இல்லை. அரிப்பு, ஊறல், குமட்டல், கிறுகிறுப்பு, மரத்துப்போதல், கெண்டைக்கால் இழுப்பு எல்லாம் பள்ளிக்கூடம் காணாத வாயிலும் வாழும் தூய தமிழ் அல்லவா? இவற்றை விட்டு, வடசொல்லையும் ஆங்கில ஒலிபெயர்ப்பையும் தாளில் நிரப்புவது மொழிக்கேடு மட்டுமன்று. மருத்துவக் கேடும் ஆகும்.

தனித்தமிழன்பர் தமக்கும் ஈண்டு ஒரு கடமை உண்டு. அறையில் அமர்ந்து ஆக்கிய புதுச்சொல், நோயர்க்கு விளங்காவிடில், அது தூயதாயினும் அவ்விடத்திற்கு ஆகாது. 'சிறுநீரகம்' என்னும் நற்சொல் பள்ளியாலும் இதழாலும் பரவி வேரூன்றியது. எனினும் முதியவர் ஒருவர் 'கிட்னி' என்றே அறிந்திருந்தால், அச்சொல்லையும் பக்கத்தில் வைத்துக் கேட்பதில் தமிழுக்கு இழுக்கில்லை. உயிரைக் காத்தபின் சொல்லைக் கற்பிக்கலாம். விடைப்படிகளும் அவ்வாறே. 'ஓரளவு', 'மிதமாக' என்று வேறுபாடு விளங்காச் சொற்களை அடுக்காமல், 'இல்லை, கொஞ்சம், பாதிக்குப் பாதி, நிரம்ப, தாங்க முடியாமல்' என்று படி அமைத்து, அதையும் நோயரிடமே ஆய்ந்து பார்த்தல் வேண்டும்.

நீலமலையில் தமிழும் ஒரே வார்ப்பினது அன்று. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாத்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியோர்க்காக அரசு தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அம்மக்கள் மலையகப் பேச்சைத் தம்மோடு கொணர்ந்தனர். இவர்களன்றிப் படகர், தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்போரும் தத்தம் மொழியோடு வாழ்கின்றனர். அவை தமிழின் உறவு மொழிகள். சிதைந்த தமிழ் அல்ல. ஆங்கிலத்தில் கேட்காதே, தமிழில் கேள் என்று முழங்கும் நா, தொதவப் பாட்டியிடம் தொதவத்தில் கேள் என்றும் முழங்க வேண்டும். தனக்கு வேண்டும் உரிமையைத் தன்னினும் சிறியவர்க்கு மறுப்பது மொழிப்பற்று ஆகாது, அது மேலாண்மை. 1990-இல் தொடங்கிய கூடலூர்ப் பழங்குடியினர் மருத்துவமனை, பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றி வழிகாட்டியுள்ளது. தன் மொழியில் கேட்பவரிடம் நோயர் ஒளிப்பதில்லை.

தமிழால் இயலுமா என்று ஐயுறுவோர் யாழ்ப்பாண வரலாற்றைப் பார்க்க. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிரீன், 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் அறுவையும் பேறுகாலமும் தமிழ் நூல்களாயின. அவருடைய கலைச்சொற்களில் வடசொல் மிகுதி. ஆயினும் அவர் இட்ட பாதை தமிழ்ப்பாதை. அயலவர் ஒருவர் அன்று செய்ததை இன்று தமிழர் செய்யத் தயங்கலாமா?

2022 முதல் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிலேயே வயிற்றுவழித் தூய்மிப்பு செய்துகொள்வோர்க்கு நீர்ப்பைகள் வீடு தேடி வருகின்றன. பை வரும் வழியில் வினாவும் வரட்டும். மருத்துவரும் புலவரும் செவிலியரும் தோட்டத் தொழிலாளியும் ஓரிடத்து அமர்ந்து அவ்வினாவை ஆக்கட்டும். அங்கே நோயுற்றவர் சொல்லே முதற்சொல்லாகட்டும்!

வாழ்க தமிழ்! வாழ்க மலைமொழிகள்!