யாரால் வந்தது என்று கேட்காதீர்கள்



கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லி, வீட்டுக்கு வந்து, அழுது ஓய்ந்த பிறகு, பல வீடுகளில் ஒரு கேள்வி தலைதூக்கும். "இது யாரால வந்துச்சு?" கணவர் மனைவியைப் பார்ப்பார். மனைவி கணவரைப் பார்ப்பார். மாமியார் இருவரையும் பார்ப்பார். முன்பெல்லாம் கிரகம், கர்மம், உடம்புச் சூடு என்று எதையாவது சொல்லி ஆறுதல் தேடிக்கொண்டார்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. தேடினால் ஹெச்.பி.வி. என்று ஒரு வைரஸின் பெயர் வருகிறது. உடலுறவு வழியாகப் பரவும் என்ற வரியும் கூடவே வருகிறது. பலர் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சிகிச்சைக்கு வேண்டிய தெம்பைச் சந்தேகம் தின்றுவிடுகிறது. அந்த வரிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஹெச்.பி.வி. என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கை கால்களில் வரும் மருவும் இந்தக் குடும்பத்து வைரஸால் வருவதுதான். பெரும்பாலான வகைகள் எந்தக் கெடுதலும் செய்வதில்லை. பதினான்கு வகை வரைதான் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. அவற்றிலும் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகளே, உலகில் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சுர் ஹவுசனும் அவருடைய குழுவினரும் 1983, 1984 ஆண்டுகளில் இந்த இரண்டையும் புற்றுநோய்த் திசுவில் கண்டறிந்தார்கள். அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் 1951இல் இதே நோயால் 31 வயதில் இறந்துபோன ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் உடலிலிருந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து வளர்த்த செல்கள் இன்றும் உலகத்து ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. அந்தச் செல்களுக்குள்ளும் 18ஆம் வகை வைரஸ் இருந்ததை அந்தக் குழு கண்டது. ஐந்து பிள்ளைகளைப் பெற்ற அந்த அம்மாவுக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

இனி, குடும்பத்தைக் குலைக்கும் அந்தக் கேள்விக்கு வருவோம். உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு, ஐந்தில் நான்கு பேருக்கு என்றே வைத்துக்கொள்ளலாம், வாழ்நாளில் என்றாவது ஒருமுறை ஹெச்.பி.வி. தொற்றியிருக்கும். காய்ச்சல் வராது, வலி இருக்காது, வந்தது தெரியாது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே அதை வென்றுவிடும். மிச்சமிருக்கும் சிலரிடம் மட்டும் அது கருப்பைவாயில் தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸ், நல்ல செல்லை மெல்ல மெல்ல மாற்றிப் புற்றாக்குவதற்குப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, உதாரணமாக ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு, இன்னும் சீக்கிரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 48 வயதில் நோய் தெரிந்த பெண்ணுக்கு, வைரஸ் இருபத்தைந்து வயதில் தொற்றியிருக்கலாம், முப்பதில் தொற்றியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க ஒரே கணவரோடு வாழ்ந்தவருக்கும் இது வரும். கல்யாணத்துக்கு முந்திய ஒரு காலத்திலிருந்து, தனக்கே தெரியாமல், கணவர் சுமந்து வந்ததாகவும் இருக்கலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும் டெஸ்ட் உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. விடையே கிடைக்காத ஒரு கேள்விக்காக ஒரு பெண்ணின் நடத்தையை விசாரிப்பது அநியாயம். அவளுடைய கணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் அதே அளவுக்கு வீண் வேலை.

என் அபிப்பிராயத்தில், கேட்க வேண்டிய கேள்வி வேறு. பதினைந்து ஆண்டுகள் மெதுவாக வளர்ந்த நோய், நடுவில் ஒருமுறைகூட ஏன் யார் கண்ணிலும் படவில்லை? 2022இல் உலகம் முழுவதும் சுமார் 3,50,000 பெண்கள் இதனால் இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர். பத்தில் ஒன்பது மரணங்கள் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான் நடக்கின்றன. வைரஸ் எல்லா நாட்டிலும் இருக்கிறது. பரிசோதனையும் தடுப்பூசியும் எட்டாத இடத்தில்தான் அது ஆளைக் கொல்கிறது.

நோய் உறுதியானவர்களிடம் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஆரம்ப நிலை என்றால் ஆபரேஷன். கட்டி பெரிதாகவோ, பக்கத்துத் திசுக்களில் இறங்கியோ இருந்தால் கதிர்வீச்சு. நம் மக்கள் அதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அந்தப் பேரைக் கேட்டே சிலர் ஷாக் அடிக்குமோ என்று பயந்து நடுங்குகிறார்கள். அதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. படுத்திருக்கும் சில நிமிடங்கள் எந்த வலியும் தெரியாது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய ஐந்து வாரம் வெளியிலிருந்து கரண்ட். கூடவே, உடம்பு தாங்குமென்றால், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ. அதன் பிறகு, கருப்பைவாய்க்கு அருகிலேயே கருவி வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு. இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒரு சிகிச்சை. மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். ரத்தப்போக்கு நின்றுவிட்டது, இனி எதற்கு என்று பாதியில் ஊருக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அறுப்பு வந்துவிட்டது, பையனுக்குப் பரீட்சை, வீட்டில் சமைக்க ஆளில்லை என்று போகிறவர்களும் உண்டு. அம்மா, தயவுசெய்து போகாதீர்கள். இடைவெளி விழ விழ, குணமாகும் வாய்ப்பு குறைகிறது. சமையலை எட்டு வாரம் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. இரண்டையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கரண்ட் வைத்துக்கொள்ளும் பெண்ணுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. புற்றுநோய் தொற்றுவதில்லை. பாத்திரத்தால், துணியால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதால் இந்த நோய் யாருக்கும் வராது. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு, மெஷினை நிறுத்தியதும் நின்றுவிடுகிறது. நம் ஊரில் வழக்கமாகக் கொடுக்கும் உள்கதிர்வீச்சிலும், கதிர் தரும் பொருளைச் சில நிமிடங்களில் வெளியே எடுத்துவிடுகிறார்கள். உடம்பில் எதுவும் மிச்சம் இருப்பதில்லை. பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

சிகிச்சை முடிந்த பிறகு வருவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் சீக்கிரமே நின்றுவிடும். உடம்பு திடீரென்று அனல் அடிக்கும், தூக்கம் கெடும். சிலருக்கு மலத்தில் ரத்தம், சிறுநீரை அடக்க முடியாத நிலை, கால் வீக்கம் ஆகியவை மாதங்கள் கழித்தும் வரும். பிறப்புறுப்புப் பாதை வறண்டு, சுருங்கிப்போகும். இதற்கு வழி இருக்கிறது. வறட்சிக்கு ஜெல் இருக்கிறது. பாதை மூடாமல் இருக்கப் பயன்படுத்தும் கருவியை, எப்போது தொடங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்று நர்ஸே சொல்லித் தருவார். கணவன் மனைவி உறவை மீண்டும் தொடங்கலாமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். உறவால் நோய் திரும்பி வராது. கணவருக்கும் புற்றுநோய் ஒட்டாது. வெட்கத்தில் கேட்காமல் விட்டு, ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் முடங்குகிறவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. இளம் வயதுப் பெண் என்றால், கருமுட்டையைச் சேமிக்க முடியுமா என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். பிறகு பேசிப் பயனில்லை.

நோயாளியின் மகளுக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அடுத்தது. இது சாதாரணமாக வம்சவழியாக வரும் நோய் இல்லை. மகளைக் காக்கத் தடுப்பூசி இருக்கிறது. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள், வைரஸைச் சந்திக்கும் முன்பே போட்டால் பலன் அதிகம். ஒரு டோஸ்கூட நல்ல பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. பூனாவில் உள்ள சீரம் நிறுவனம் செர்வாவேக் என்ற பெயரில் நம் நாட்டிலேயே இதைத் தயாரிக்கிறது. இலங்கையில் 2017 முதல் பள்ளிக்கூடச் சிறுமிகளுக்கு அரசே போடுகிறது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் ஆய்வு முடிவு வெளியானது. வயசுக்கு வராத பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்கும் பெற்றோர்களே, வருமுன் போடுவதுதான் தடுப்பூசி. அம்மை ஊசியையும் போலியோ சொட்டு மருந்தையும் அப்படித்தானே கொடுத்தோம்.

தடுப்பூசி வயதைக் கடந்துவிட்ட நமக்குப் பரிசோதனைதான் வழி. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். மாறிய செல் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை இப்படிப் பரிசோதித்தார்கள். பரிசோதனைக்கு அழைப்புப் போன கிராமங்களில், அழைப்பு இல்லாத கிராமங்களைவிட, இந்த நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007இல் வெளியான இந்த ஆய்வை உலகமே திரும்பிப் பார்த்தது. நம் மண்ணில், நம் பெண்களை வைத்து நிரூபித்த உண்மை இது. அதில் பயன் பெறாமல் நாமே ஒதுங்கி நிற்பது எனக்குத் தாங்கவில்லை.

வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்.பி.வி. டெஸ்டும் உண்டு. அதில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் புற்றுநோய் என்று பொருள் இல்லை. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று மட்டுமே பொருள். புற்றாவதற்கு முந்திய மாற்றம் என்றால், அந்த இடத்தைச் சூட்டாலோ குளிராலோ அழித்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம்.

முப்பது வயதைத் தாண்டிய சகோதரிகளே, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனை இலவசம். உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தாலோ, மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலோ, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே போய்க் காட்டுங்கள். போகும்போது அக்காவையோ நாத்தனாரையோ கூட அழைத்துப் போங்கள். அவர்களும் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.